திணை மாறும் வட வனங்கள்

தான் கண்டவற்றைப் பிறர்க்கு உணர்த்த முற்படும் மனிதன் எண்ணிச் சொல்வது, கதையாகச் சொல்வது என்னும் இரு வழிகளைக் கைக்கொள்கின்றான். எண்ணிச் சொல்வோர் விஞ்ஞானியர். கதையாகச் சொல்வோர் கலைஞர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஐயக்கண் கொண்டு நோக்குதல் எங்கும் காணப்படும் வழக்கமே. கல்லூரி விடுதிகளில், விஞ்ஞான வகுப்பு மாணாக்கர் இலக்கிய வகுப்பினரை நோக்கி, "உங்கள் கூற்றுக்கு அளவு எங்கே?" என்று வினவுதலையும், அவர்கள் இவர்களை நோக்கி, "உங்கள் அளவுக்கு உயிர் எங்கே?" என்று திருப்பி வினவுதலையும் கேளாதார் சிலரே. இவ்வழக்கு தீர்க்கவொண்ணாதது போலத் தோன்றினும், பூமியின் வடகோடியிலுள்ள ஒரு பெருங்காடு இவ்விரு சாராரையும் ஒரே ஒற்றையடிப் பாதையில் நடக்கச் செய்திருக்கின்றது. அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூகோளப் படத்தை விரித்து வட துருவத்தை நோக்குவோமாயின், அதனைச் சூழ ஒரு பசுமையான வளையம் கிடத்தலைக் காண்போம். அலாஸ்கா, கானடா, நார்வே, சுவீடன், பின்லாந்து, ருஷியா ஆகிய நாடுகளினூடே செல்லும் இவ்வளையமே வட வனம். உலகிலுள்ள காடுகள் அனைத்திலும் கால் பங்குக்கு மேற்பட்ட பரப்பு இதற்கு உரியது. ஊசி போன்ற இலைகளையுடைய மரங்களே இதில் மிகுதி. நம் மலைநாட்டுச் சோலைகளில் ஒரு சிறு பரப்பிலேயே பற்பல மரவகைகளைக் காணலாம். அலாஸ்காவின் உள்நாட்டு வனத்திலோ நாட்கணக்காக நடந்தாலும் வெள்ளை ஸ்புரூஸ், கறுப்பு ஸ்புரூஸ், லார்ச், பிர்ச், ஆஸ்பென், பாப்ளர் என்னும் ஆறு வகைகளையே பெரும்பாலும் காணவியலும். பாத்திரங்கள் சிலராகவே அமைந்த நாடகத்தில் ஒருவர் மேடையை விட்டு நீங்கினும் கதை முழுதும் மாறிவிடுமன்றோ? அங்ஙனமே இவ்வனமும் என்று அறிக.

அந்நாட்டின் நடுவே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 65 பாகையில் பேர்பாங்க்ஸ் என்னும் நகரம் உளது. அங்கே குளிர்காலத்தின் நடுவில் சூரியன் ஒரு நாளில் நான்கு மணி நேரமும் முழுமையாகத் தோன்றுவதில்லை. கோடையின் நடுவிலோ இருபத்தொரு மணி நேரத்திற்கு மேல் மறைவதில்லை. பூஜ்யத்திற்குக் கீழ் 40 பாகை வரை குளிர் இறங்குதல் அங்குள்ளார்க்குப் புதிதன்று. பல இடங்களில் மேல்மண்ணுக்குச் சிறிது கீழே, கோடையிலும் உருகாத உறைநிலம் கிடக்கின்றது. அதனை 'நித்திய உறைநிலம்' என்று வழங்கினர். ஆனால் அலாஸ்கா நாடு, உலகத்தின் சராசரியைக் காட்டிலும் இருமடங்குக்கு மேலான வேகத்தில் வெப்பமடைந்து வருவதால், 'நித்தியம்' என்ற அடைமொழி பல இடங்களில் பொய்த்து வருகின்றது. அடிநிலம் உருகிக் குழியும்போது, அதன்மேல் நிற்கும் மரங்கள் கள்ளுண்டார் போலத் திசைக்கொன்றாகச் சாய்கின்றன.

இவ்வனத்தின் முதற் கதைசொல்லிகள், கல்லூரியிலிருந்து சென்றோர் அல்லர். யூக்கான் ஆற்றின் கரையிலும் கொயுக்குக் ஆற்றின் கரையிலும் தொன்றுதொட்டு வாழும் கொயுக்கன் மக்களே அவர்கள். விலங்குகளும் மனிதரும் ஒரே இனமாக இருந்த பழங்காலத்தைப் பற்றிய கதைகளை அவர்கள் நீண்ட குளிர்கால இரவுகளில் சொல்லி வந்தனர். படைப்போனும் குறும்பனும் ஒருங்கே ஆன அண்டங்காக்கை அக்கதைகளில் தலைமை வகிக்கும். இன்ன விலங்கை எவ்வாறு நடத்தல் வேண்டும், எதனை வீணாக்கலாகாது என்னும் ஒழுக்கங்களெல்லாம் அக்கதைகளில் பொதிந்துள்ளன. அம்மக்களுள் ஒருவரான காதரின் அட்லா என்னும் மூதாட்டியார் கூறிய கதைகள் 1983ஆம் ஆண்டிலும் 1989ஆம் ஆண்டிலும் அவர்தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் நூல்களாக வெளிவந்தன. அவ்வாண்டு 1983லேயே, ரிச்சர்டு நெல்சன் என்னும் மானிடவியல் அறிஞர், அம்மக்களோடு வாழ்ந்து கற்றவற்றை ஒரு நூலாக எழுதினார். காட்டில் நடப்பவனைக் காடும் நோக்கிக் கொண்டிருக்கிறது என்னும் நம்பிக்கை அம்மக்களிடையே எத்துணை ஆழமானது என்பதை அந்நூல் விளக்குகின்றது. எழுத்தும் கருவியும் இல்லாத காலத்தில் காட்டைப் பற்றிய அறிவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த வாகனம் கதையே என்பதை நாம் மறத்தலாகாது.

இனி விஞ்ஞானியர் கூறுவதைக் கேட்போம். பேர்பாங்க்ஸ் நகருக்குத் தென்மேற்கே பொனான்சா கிரீக் என்னும் ஆராய்ச்சி வனம் 1963ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. அதனை நடுவாகக் கொண்டு 1987 முதல் அலாஸ்காப் பல்கலைக்கழகத்தாரும் வன இலாகாவினரும் இடைவிடாது அளவுகள் எடுத்து வருகின்றனர். மரத்தின் பருமன், மண்ணின் வெப்பம், பனியின் ஆழம், முயல்களின் தொகை என்று அவர்கள் குறிக்கும் கணக்குகள் பல. ஒரு மரத்தின் ஆயுளோடு ஒப்பிட்டால் ஓர் ஆராய்ச்சியாளரின் உத்தியோக காலம் மிகச் சிறிது. ஆதலால் ஒருவர் விட்ட கணக்கை மற்றொருவர் தொடர்தல் அவ்விடத்து வழக்கம்.

அக்கணக்குகள் காட்டும் செய்தி ஒன்றை இங்கே விரித்துரைத்தல் தகும். கறுப்பு ஸ்புரூஸ் என்பது தீயை எதிர்நோக்கி வாழும் மரம். அதன் காய்கள் உச்சியில் கொத்துக் கொத்தாக, பிசினால் மூடப்பட்டு நிற்கும். ஏறக்குறைய நூறாண்டுக்கு ஒருமுறை அக்காட்டில் தீ வரும். மரம் மடியும், ஆயினும் வெம்மையால் பிசின் இளகிக் காய்கள் திறக்க, விதைகள் சாம்பலின் மீது உதிரும். தாயைக் கொன்ற தீயே சேய்க்குத் தாதியாகின்றது. இவ்வாறே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கறுப்பு ஸ்புரூஸ் காடு எரிந்தபின் மீண்டும் கறுப்பு ஸ்புரூஸ் காடாகவே தோன்றி வந்தது.

இதற்குத் துணையாக நின்றது தரையில் கிடந்த பாசிப் போர்வை. பாசியும் அரைகுறையாக மட்கிய இலையும் வேரும் தடித்த மெத்தைபோல் நிலத்தை மூடியிருக்கும். பண்டைய தீ இம்மெத்தையின் மேற்பரப்பை மட்டும் கருக்கிச் சென்றது. கோடை வெப்பமும் வறட்சியும் மிகுந்த ஆண்டுகளிலோ தீ அதனை ஆழ எரித்து, அடியிலுள்ள மண்ணை வெளிப்படுத்துகின்றது. அம்மண்ணில், காற்றில் பறந்து வரும் பிர்ச், ஆஸ்பென் ஆகியவற்றின் நுண்ணிய விதைகள் எளிதில் வேரூன்றி, மெல்ல வளரும் ஸ்புரூஸை முந்திவிடுகின்றன. போர்வை நீங்கியமையால் உறைநிலமும் உருகத் தொடங்குகின்றது. முதிராத இளமரங்கள் காய்விடுமுன்னரே மறுமுறை தீ வந்துவிட்டால், உதிர்வதற்கு விதையே இராது. 2004ஆம் ஆண்டில் மட்டும் அலாஸ்காவில் 66 இலட்சம் ஏக்கர் நிலம் எரிந்தது. 2015ஆம் ஆண்டில் மீண்டும் 51 இலட்சம் ஏக்கர் எரிந்தது. ஊசியிலைக் காடு இருந்த பல இடங்களில் இப்போது இலையுதிர் காடு எழுந்து நிற்கின்றது.

66 இலட்சம் ஏக்கர் என்ற எண்ணைக் கேட்டபோது நமது உள்ளம் என்ன உணர்ந்தது? உண்மையைச் சொன்னால், ஒன்றும் உணரவில்லை. எண் பெரிதாகப் பெரிதாக நெஞ்சம் அதனைப் பற்றமாட்டாது நழுவவிடுகின்றது. அளவெடுத்த விஞ்ஞானியரே இக்குறையை முதலில் உணர்ந்தனர். ஆகவே பொனான்சா கிரீக் ஆராய்ச்சியோடு இணைந்து, 'மாறுங் காலத்தில்' என்ற பெயரால் ஒரு கூட்டுமுயற்சி தோன்றியது. இதனை நடத்தியவர், அப்பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர்களை ஆராயும் பேராசிரியை மேரி பெத் லீ என்பார். சித்திரக்காரரும் கவிஞரும் பிற கலைஞரும் விஞ்ஞானியரோடு வனத்துக்குள் சென்று, அவர்கள் செய்வதைக் கண்டு, கேட்டு, பின்னர்த் தத்தம் கலையால் தாம் உணர்ந்ததை வெளியிடுதல் இதன் முறை. 2012ஆம் ஆண்டில் 'தீயின் கலை' என்னும் கண்காட்சி பேர்பாங்க்ஸ் நகரில் நடந்தது. அதற்காகக் கலைஞர்கள் தீ எரித்த இடங்களுக்கு நேரே சென்றதுடன், காட்டுத்தீயைப் பற்றி ஆராய்வோரிடமும் அதனைக் காவல் செய்வோரிடமும் பாடங் கேட்டனர். 2017ஆம் ஆண்டில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. வட வனத்தின் கதைகளையே பொருளாகக் கொண்ட கண்காட்சியும் இவ்வரிசையில் இடம்பெற்றது.

விஞ்ஞானி கண்டதற்குக் கலைஞன் வண்ணம் தீட்டுகின்றான், அவ்வளவே என்று எண்ணுதல் தவறு. தன் துறையைச் சேராத ஒருவர் அருகில் நின்று, "இம்மரத்தை ஏன் அளக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது, விஞ்ஞானி தன் துறைச்சொற்களின் மறைவை விட்டு வெளியே வரவேண்டியவராகின்றார். கலைஞனும் தன் அறைக்குள் இருந்து கற்பித்த காட்டை விடுத்து, கொசுக்கடியும் சேறும் கரியும் நிறைந்த மெய்யான காட்டைக் காண்கின்றான். இருவர்க்கும் இலாபமுண்டு.

இனி உள்நாட்டை விட்டு, அதே அலாஸ்காவின் தென்கிழக்குக் கடற்கரைக்கு வருவோம். ஆங்கே மழை மிகுதி, காடும் வேறு. மஞ்சள் ஸீடர் என்னும் மரம் அங்கே சிறந்தது. அதன் பட்டையை நாராக்கி நெய்தல் அக்கரையில் வாழும் டிலிங்கிட், ஹைடா மக்களின் பழைய கைத்தொழில். அம்மரங்கள் ஏறத்தாழ நூறாண்டுக்கு மேலாகக் கூட்டங் கூட்டமாகப் பட்டு நிற்கின்றன. அவ்வாறு மடிந்த பரப்பு அலாஸ்காவில் நான்கு இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டது. அம்மரம் எளிதில் உளுக்காதாகையால், பட்ட மரங்கள் வெளுத்த எலும்புகள்போல் பல பத்தாண்டுகள் நின்றபடியே இருக்கும்.

மடிவுக்குக் காரணம் யாது? பூச்சியோ நோயோ என்று முதலில் தேடினர். பால் ஹென்னன் முதலிய வன ஆராய்ச்சியாளர் பல்லாண்டு உழைத்துக் கண்ட விடை வியப்பானது: வெப்பம் மிகுந்ததால் அம்மரங்கள் குளிரால் மடிந்தன! முற்காலத்தில் கனத்த பனி தரையை மூடி, மேலோட்டமாக ஓடும் மெல்லிய வேர்களைக் கம்பளிபோற் காத்தது. வெப்பம் மிகவே அக்கம்பளி நீங்கியது. வசந்தத்தின் தொடக்கத்தில் வேர்கள் விழித்தெழும் வேளையில் திடீரென வரும் கடுங்குளிர் அவற்றை நேரே தாக்குகின்றது. இக்கதையை எந்தப் புலவனும் கற்பனையால் புனைந்திருக்க மாட்டான். அளவெடுத்தவர்களாலேயே இது கிடைத்தது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் ஓக்ஸ் என்னும் அம்மையார் அப்பட்ட மரங்களினூடே சென்று, எவை மடிந்தன, எவை நிற்கின்றன, அவ்விடத்தில் எவை முளைக்கின்றன என்று ஒவ்வொன்றாய்க் குறித்தார். அம்மரங்களைச் சார்ந்து வாழும் மக்களையும் கண்டு, அவர்கள் இவ்விழப்பை எங்ஙனம் ஏற்கின்றனர் என்று கேட்டறிந்தார். 2018ஆம் ஆண்டில் அவ்வனுபவத்தை ஒரு நூலாக எழுதினார். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக் ஸாவே என்பார் அவ்வம்மையாரின் கணக்கை இசையாக மாற்றினார். ஒவ்வொரு மரமும் ஒரு ஸ்வரம். மஞ்சள் ஸீடருக்குப் பியானோ; மற்ற மரங்களுக்கு வேறு வாத்தியங்கள். வடக்கிலிருந்து தெற்கே செல்லச் செல்ல ஸீடர் மரங்கள் குறைவதால், பியானோவின் ஒலியும் அருகி, மற்ற வாத்தியங்களின் ஒலி ஓங்குகின்றது. கேட்போர் அட்டவணையில் கண்டறியாத ஒன்றைச் செவியால் உணர்கின்றனர். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று: இசையமைத்தவர் அழகுக்காக ஒரு மரத்தையும் சேர்க்கவில்லை, சோகத்துக்காக ஒரு மரத்தையும் நீக்கவில்லை.

நிற்க. கதைக்கு ஒரு வலிமை உண்டெனின், அவ்வலிமைக்குத் தக்க அபாயமும் உண்டு. 'காடு சாகின்றது' என்னும் ஒப்பாரி எளிதிற் பாடத்தக்கது. கேட்போர் கண்ணீரையும் எளிதிற் பெறத்தக்கது. ஆனால் அது முழு உண்மையா? 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அலாஸ்காவின் வெள்ளை ஸ்புரூஸ் மரங்கள் வெப்பத்தோடு சேர்ந்த வறட்சியால் வளர்ச்சி குன்றியதை மரவளையங்களைக் கொண்டு காட்டியது. இஃது ஒப்பாரிக்கு இசைந்த செய்தி. ஆயினும் 2021ஆம் ஆண்டில் மிஷல் மாக் என்னும் பேராசிரியையும் அவர்தம் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆராய்ச்சி வேறொன்றைச் சொல்லிற்று. 2004ஆம் ஆண்டில் எரிந்த கறுப்பு ஸ்புரூஸ் காடுகளை அவர்கள் அளந்தனர். அவற்றுள் இலையுதிர் மரங்களாக மாறிய இடங்கள், காற்றிலுள்ள கரியமிலவாயுவைப் பழைய ஸ்புரூஸ் காட்டைவிடப் பல மடங்கு விரைவாக ஈர்த்து மரத்தில் சேமிக்கின்றன என்று கண்டனர். தீயில் இழந்த கரியை நாளடைவில் அவை ஈடுசெய்யவும் கூடும். மேலும் இலையுதிர் காடு எளிதில் தீப்பற்றுவதன்று.

அங்ஙனமாயின் நிகழ்வது நன்மையோ எனின், அதுவுமன்று. குளிர்காலத்தில் காரிபு மான்கள் தின்னும் லைக்கன் என்னும் கற்பாசி, தீயில் அழிந்தபின் மீண்டும் செழிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். மூஸ் என்னும் பெருத்த மானோ, எரிந்த நிலத்தில் துளிர்க்கும் தளிரைத் தின்று கொழுக்கும். காரிபுவை நம்பி வாழும் ஊருக்கு இழப்பு; மூஸை வேட்டையாடும் ஊருக்கு ஆதாயம். ஒரே தீ இரண்டு ஊர்களில் இரண்டு கதைகளாகின்றது. ஆகவே மெய்யான கதைசொல்லி ஒப்பாரியும் பாடலாகாது, தாலாட்டும் பாடலாகாது. ஒரு காடு மறைய, மற்றொரு காடு பிறக்கின்றது. அதனால் யார் எதனை இழக்கின்றனர், யார் எதனைப் பெறுகின்றனர் என்று பொறுமையோடு சொல்லுதலே அவன் கடமை. கேட்போர் ஒருமுறை, 'இது மிகைப்படக் கூறப்பட்டது' என்று கண்டுகொண்டாராயின், அடுத்த முறை உண்மையையும் நம்பார். வட வனத்தைப் பற்றிய கதைகளில் அபாயத்துக்குள்ளாவது காடு மட்டுமன்று. மனிதர்க்கு மனிதர் கூறும் சொல்லின் மீதுள்ள நம்பிக்கையுமாகும்.

இவ்விடத்தில் தமிழ் கற்றார்க்கு ஓர் எண்ணம் தோன்றாதிராது. தொல்காப்பியனார் திணையை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்நிலத்து மரமும் விலங்கும் தொழிலும் பிறவும். உரி என்பது ஆங்கு வாழ்வோரின் நெஞ்சில் நிகழ்வது. இம்மூன்றும் பொருந்திய வழியே திணை முழுமை பெறும். வடநாட்டு விஞ்ஞானியர் அளப்பவை பெரும்பாலும் முதலும் கருவுமே. கலைஞர் உணர்த்த முயல்வது உரி. நம் நூலை அவர்கள் கற்றிலர்; எனினும் நம் முன்னோர் ஒரு சேர வைத்ததை அவர்கள் இன்று தேடிச் சேர்க்கின்றனர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் தன்மை மாறியவிடத்துப் பாலை என்னும் வேறொரு நிலம் தோன்றும் என்று இளங்கோவடிகள் உரைத்ததையும் நாம் கற்றிருக்கின்றோம். நிலம் மாறினால் அதற்குரிய மரமும் விலங்கும் மாறும். அவை மாறினால் மாந்தரின் ஒழுக்கமும் பாட்டும் மாறும். அலாஸ்காவில் நிகழ்வது ஒரு திணைமயக்கமேயாம்.

நம் கல்லூரியில் பயிலும் நண்பர்கள் இவ்வரலாற்றினின்று ஒரு படிப்பினை பெறலாம். விஞ்ஞானம் பயில்வோர், தாம் கண்டதைத் துறைச்சொல்லின் துணையின்றி அயலார்க்கு ஒரு முறையேனும் விளங்கவுரைக்கப் பழகுதல் வேண்டும். உரைக்கவியலாதாயின், தாமே அதனை இன்னும் தெளிவுறக் காணவில்லை என்று கொள்க. இலக்கியம் பயில்வோர், ஒரு பொருளைப் பற்றி எழுதுமுன், அதனை அளப்பாரோடு ஒரு பகலேனும் வெயிலில் நடந்து வருதல் வேண்டும். அங்குக் காண்பது தாம் எழுத நினைத்ததற்கு மாறாயிருப்பின், தம் எழுத்தை மாற்றிக்கொள்ளும் துணிவும் வேண்டும். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கூறுதல் நம் நாட்டு மரபு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோக்குவார்க்குப் பொருள் தோன்றும். அஃது எத்துணை அண்மையில் உள்ளது என்பது தோன்றாது.